‘உராய்வு காரணமாக...’ என்று எத்தனை முறைதான் டைப் செய்வது? - சிவகாசிக்குத் தேவைப்படும் எரியாத சாட்சி!

‘சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து.’

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தத் தலைப்பை எத்தனை முறை டைப் செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஊர்ப் பெயர் மாறும். எண்ணிக்கை மாறும். முதலில் ‘இருவர் பலி’ என்று போடுவோம். அரை மணி நேரத்தில் ‘ஐவர்’ என்று திருத்துவோம். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு முறை திருத்தியிருப்போம். மாறாமல் அப்படியே இருக்கும் வரி ஒன்று உண்டு. ‘மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக விபத்து நிகழ்ந்திருக்கலாம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.’

பழைய செய்தியிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். ஒட்டியும் இருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். அத்தை பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். காலையில் ஆலை வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும்; தூக்குவாளியோடு பெண்கள் ஓடுவார்கள். எங்கேயாவது வெடித்துவிட்டது என்று செய்தி வந்தால், அலுவலகத்தில் நான் தலைப்பு அடிப்பதற்கு முன்னால் அத்தைக்குத்தான் போன் அடிப்பேன். எடுக்க மாட்டார். ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய பிறகுதான் திரும்பக் கூப்பிடுவார். அதுவரை எனக்கு உயிர் உயிராக இருக்காது.

போன கோடையில் ஒருநாள் அத்தையிடம் கேட்டேன். “உராய்வு, உராய்வுன்னு எழுதுறோமே அத்தை... தினமும்தான உரசுறீங்க, இடிக்கிறீங்க. மத்த நாள்ல ஏன் ஒண்ணும் ஆகுறதில்லை?”

“அது அன்னிக்குக் காத்து எப்படி இருந்துச்சோ, மருந்து எப்படி இருந்துச்சோ... யாருக்குத் தெரியும் தாயி? தெரிஞ்சவுகதான் உள்ள போயிட்டாகளே” என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

காற்றில் என்ன இருக்கிறது?

விருதுநகர் மாவட்டம் காய்ந்த பூமி. 1920-களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் ஆரம்பித்தபோது, அந்தக் காய்ச்சல்தான் ஊருக்கு வரமானது. தீக்குச்சி காய வேண்டும், பட்டாசு காய வேண்டும். மழை குறைந்த ஊரே அதற்குத் தோது. அதே காய்ச்சலில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

காற்றில் ஈரம் குறையக் குறைய, உடம்பில் மின்னூட்டம் தங்கும். பாலியஸ்டர் சேலை காலோடு ஒட்டிக்கொள்வதும், பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் கொண்டியைத் தொட்டால் ‘சுரீர்’ என்பதும் அதுதான். அந்தச் ‘சுரீர்’ நமக்கு உறைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 3,000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் விரலுக்குத் தெரியவே தெரியாது. ஆனால், வெடி மருந்து நம் விரலைவிட ரோஷக்காரன். அதனால்தான் மருந்து அறையில் பருத்தித் துணிதான் உடுத்தச் சொல்கிறார்கள். பல ஆலைகளில் நுழையும் முன் மண்ணோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். தரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கோடையில் மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள்.

‘அப்படியென்றால் ஈரம் இருந்தால் நல்லதுதானே?’ என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் இன்னொரு சிக்கல். வெடியின் வெளிச்சத்துக்காகச் சேர்க்கும் அலுமினியத் தூள் மிக மிக நைஸானது. அதில் ஈரம் பட்டால் மெல்ல வினை நடந்து சூடு கிளம்பும், ஹைட்ரஜன் வரும். கூடவே நைட்ரேட் உப்பும் இருந்தால் அமோனியா நெடி அடிக்கும். குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கினால் யாரும் உரசாமலேயே தீப்பிடிக்கலாம். நேற்று மீந்த மருந்தை இன்றைக்கு எடுத்து வேலை செய்யக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். இந்த வினையை அடக்க சிறிதளவு போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் உலகம் முழுக்க வாண வேடிக்கைக்காரர்களிடம் உண்டு.

ஆக, காற்று ரொம்பக் காய்ந்தாலும் வம்பு. ரொம்ப நனைந்தாலும் வம்பு. நடுவில் ஓர் இடைவெளியில்தான் இந்த ஊரே வேலை செய்கிறது. அந்த இடைவெளியில் இருக்கிறோமா என்பதை இத்தனை வருடங்களாக எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? போர்மேனின் அனுபவம், அத்தையின் முழங்கை மயிர். “சிலுத்துக்கிட்டு நின்னா பார்த்துச் செய்யணும்னு தெரியும்” என்பார் அத்தை.

எழுநூறு ரூபாய்ப் பெட்டி

காற்றின் ஈரத்தை அளந்து, அதை எங்கோ இருக்கும் இணையச் சேவைக்கு அனுப்பும் கருவியை இன்றைக்கு ஒரு பாலிடெக்னிக் மாணவர் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடுவார். இன்ஜினீயரிங் கல்லூரிகளில் இது மினி புராஜெக்ட்டுக்கான ஐட்டம். ஜர்னலிசம் டிப்ளமோ படித்த எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது.

வாங்கியது இரண்டே பொருள். ஒன்று, டி.ஹெச்.டி 22 என்ற வெள்ளை சென்சார். தீப்பெட்டியைவிடச் சின்னது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரம் ஏறி இறங்க, அது மின்னூட்டத்தைத் தாங்கும் அளவும் மாறும். அதை எண்ணாக்கி இரண்டு நொடிக்கு ஒரு முறை சொல்லும். வெப்பநிலையை அரை டிகிரி வித்தியாசத்துக்குள் சொல்லிவிடும். ஈரப்பதத்தில் 2 முதல் 5 சதவிகிதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். இன்னொன்று, நோட்எம்சியூ போர்டு. ஈ.எஸ்.பி 8266 என்ற சிப் அதில் இருக்கிறது. சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ல் இதைக் கொண்டுவந்த பிறகுதான், வைஃபை வசதியுள்ள மைக்ரோகன்ட்ரோலர் என்பது நம் பாக்கெட்டுக்குக் கட்டுப்படியாகும் சமாசாரமானது. இரண்டு நாள் பிரியாணிக் காசு. வயர், பெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

சென்சாரின் மூன்று கால்களை போர்டோடு இணைத்து, புரோகிராமை ஏற்றி, ஆன் செய்தால்... ஒன்றும் நடக்கவில்லை. முதல் சாயங்காலம் முழுக்க வைஃபையே பிடிக்கவில்லை. இந்த சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் பேசும். நான் வேகமாக இருக்கட்டும் என்று 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் சாயங்காலம் வைஃபை பிடித்தது, அளவு வரவில்லை. ஒரு வயர் லூஸ். செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

அளவு போய்ச் சேரும் இடமாக நான் எடுத்துக்கொண்டது திங்ஸ்பீக். மேத்வொர்க்ஸ் நிறுவனத்தின் சேவை; சின்ன சோதனைகளுக்கு இலவசம். அதில் நமக்கென்று ஒரு சேனல் திறக்கலாம். ஒரு சேனலில் எட்டு கட்டங்கள். முதல் கட்டத்துக்கு வெப்பநிலை, இரண்டாவதுக்கு ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டேன். சேனலுக்கு ஒரு சாவி தருவார்கள், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சொல். பிரவுசரில் நாம் முகவரி அடிப்பதுபோலவே போர்டும் ஒரு முகவரியை அழைக்கிறது. அந்த முகவரியின் வாலில் சாவியும் இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டு போகும். அவ்வளவுதான். ஒரு போஸ்ட் கார்டு மாதிரி.

சேவை பதிலுக்கு ஓர் எண்ணை அனுப்பும். 1, 2, 3 என்று பதிவு எண். 0 வந்தால் ‘ஏற்கவில்லை’ என்று அர்த்தம். இலவசக் கணக்கில் 15 நொடிக்கு ஒரு முறைதான் அனுப்பலாம். அவசரப்பட்டால் 0 விழும். நான் 20 நொடி என்று வைத்தேன்.

மூன்றாம் சாயங்காலம், ஊரில் எங்கள் மொட்டை மாடி நிழலில் அதை வைத்துவிட்டுக் கீழே வந்து போனில் பார்த்தால், கோடு நகர்கிறது! சென்னைக்குத் திரும்பிய பிறகும், எங்கள் வீட்டு மாடிக் காற்று எப்படி இருக்கிறது என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பார்க்கிறேன். விடியற்காலையில் ஈரப்பதம் 80 சதவிகிதத்தை ஒட்டி நிற்கும். வெயில் ஏற ஏறச் சரியும். மதியம் இரண்டு மணிக்கு 40-க்கும் கீழே போய்விடும். ஒரே நாளில் இவ்வளவு ஏற்ற இறக்கம் என்பது எனக்கே புதிது. இத்தனைக்கும் காற்றிலிருந்து தண்ணீர் எங்கும் ஓடிவிடவில்லை. காற்று சூடானால் அது தாங்கக்கூடிய ஈரத்தின் அளவு கூடுகிறது. அதனால் இருக்கிற ஈரம் அதே அளவில் இருந்தாலும் சதவிகிதம் குறைகிறது. ‘வெயில் ஏறுவதற்குள் கலந்து முடி’ என்று பெரியவர்கள் சொன்னதன் கணக்கு அந்தக் கோட்டில் தெரிகிறது.

நேரத்தை எழுதுவது யார்?

இதில் என்னை யோசிக்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. என் மாடியில் இருக்கும் போர்டுக்கு மணி என்னவென்று தெரியாது. கரன்ட் போய் வந்தால் தன் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வோர் அளவுக்கும் நேரத்தைக் குறிப்பது, கடல் தாண்டி எங்கோ இருக்கும் சர்வர். அளவு அங்கே போய்ச் சேர்ந்த நொடியில் அது முத்திரை குத்துகிறது. இங்கே போர்டே கருகிப்போனாலும் கடைசி அளவும், அது வந்த நேரமும் அங்கே பத்திரமாக இருக்கும்.

பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்தால் என்ன மிஞ்சும்? அறை மிஞ்சாது. அறையில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் மிஞ்சாது. நோட்டுப் போட்டு எழுதிவைத்திருந்தால் அந்த நோட்டும் மிஞ்சாது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த அக்கம் பக்கத்துக்காரர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-ம் தேதி சின்னகாமன்பட்டி. ஒவ்வொரு முறையும் எஃப்.ஐ.ஆர் போடுகிறார்கள், உரிமம் ரத்தாகிறது, குழு வருகிறது. ‘காத்து எப்படி இருந்துச்சோ’ என்று அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் எண் இருந்தால், அடுத்த ஆலைக்காவது அது உதவுமே!

விமானத்துக்குக் கறுப்புப் பெட்டி வந்த கதையும் இதுதான். ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரனின் அப்பா 1934-ல் ஒரு விமான விபத்தில் இறந்தார். வாரனுக்கு அப்போது 9 வயது. 1950-களில் காமெட் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்து, காரணம் தெரியாமல் நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டபோது, ‘விமானத்துக்குள்ளேயே ஒரு பதிவுக் கருவி இருந்தால்?’ என்று கேட்டவர் அவர்தான். ஆனால், கறுப்புப் பெட்டி நெருப்பில் வேகாமல் இருக்க வேண்டும், கடலில் தேடி எடுக்க வேண்டும். 2014-ல் மலேசியாவின் எம்.ஹெச் 370 காணாமல்போனபோது பெட்டி கிடைக்கவே இல்லை. இணையத்துக்கு அனுப்பிவிட்ட அளவுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. சம்பவ இடத்திலேயே இல்லாத சாட்சியை எந்த நெருப்பு எரிக்கும்?

சென்சார் உலகில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1999-ல் ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும், ஆர்லென் நிப்பரும் சேர்ந்து எம்.க்யூ.டி.டி என்ற செய்தி முறையை உருவாக்கினார்கள். வனாந்தரத்தில் கிடக்கும் எண்ணெய்க் குழாய்களின் அளவுகளை, காசு அதிகம் பிடிக்கும் சாட்டிலைட் இணைப்பு வழியாகச் சிக்கனமாக அனுப்ப வேண்டும் என்பது நோக்கம். அந்த முறையில், கருவி முதன்முதலில் இணையும்போதே ஒரு செய்தியைச் சர்வரிடம் ஒப்படைத்துவைக்கலாம். ‘நான் சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று காணாமல்போனால், இதை எல்லோருக்கும் சொல்லிவிடு.’ கருவியின் தொடர்பு அறுந்துவிட்டது என்று உறுதியானதும் சர்வர் அந்தச் செய்தியை வெளியிடும். அதற்கு இன்ஜினீயர்கள் வைத்த பெயர், ‘உயில்.’

முதன்முறை இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

உள்ளே வைக்கக் கூடாது!

இவ்வளவு சொன்னபிறகு, ‘அப்புறம் என்ன, ஆளுக்கொரு பெட்டி வாங்கி ஆலையில் மாட்டிவிட வேண்டியதுதானே’ என்று கேட்பீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். என் எழுநூறு ரூபாய்ப் பெட்டி மருந்து அறைக்குள் போனால், அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும்.

மருந்து அறையில் லைட் கிடையாது, ஃபேன் கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. பொழுது சாய்ந்தால் நிறுத்தியாக வேண்டும். ஒரு சின்ன மின்பொறிகூட வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கட்டுப்பாடு. வைஃபையில் செய்தி அனுப்பும் நொடியில் இந்த போர்டு 170 மில்லி ஆம்பியர் வரைக்கும், சமயத்தில் அதற்கு மேலும் கரன்ட் இழுக்கும். என் வீட்டில் நடந்ததுபோல ஒரு வயர் லூஸாகி, விட்டு விட்டுத் தொட்டால்? வீட்டில் அது எனக்கு ஒரு சாயங்காலம் வீணானதோடு போயிற்று.

செய்தி அனுப்ப வைத்த கம்பியே உயிர் குடித்ததாகச் சந்தேகிக்கப்படும் சம்பவம் வரலாற்றில் இருக்கிறது. 1913 அக்டோபர் 14-ம் தேதி, வேல்ஸில் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 439 தொழிலாளர்களும், மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். சுரங்கத்துக்குள் சிக்னல் கொடுக்கப் பயன்பட்ட மின்சார மணியின் பொறிதான் வாயுவைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்று பேசப்பட்டது. சாதாரண பேட்டரி மணிதான். அதன் பிறகு நடந்த ஆராய்ச்சிகளிலிருந்து பிறந்ததுதான், பொறி வந்தாலும் பற்றவைக்கத் திராணியில்லாத அளவுக்கு மின்சாரத்தைக் கட்டிப்போடும் ‘இன்ட்ரின்சிக் சேஃப்டி’ முறை. இன்று பெட்ரோலிய ஆலைகளில் சென்சார்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. மின்சாரமே போகாமல் ஒளியை வைத்து வெப்பத்தை அளக்கும் கண்ணாடி இழை சென்சார்களும் இருக்கின்றன. விலைதான் எழுநூறில் முடியாது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது, மருந்து அறைகளுக்கு எட்டத்தில், அலுவலகக் கட்டடம் இருக்கும் பக்கத்தில், காற்றோட்டமான நிழல் பெட்டியில் ஒரு நல்ல தரமான வானிலைக் கருவி. அதுவும் வெடிபொருள் துறையின் அனுமதியோடு. ‘வெளிக்காற்றும் அறைக்காற்றும் ஒன்றா?’ என்றால் இல்லைதான். ஆனால், ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஜன்னல், கதவு திறந்து கிடக்கும் அறையில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று இப்போதே எல்லார் கைக்கும் எட்டுகிறது. இடி, மின்னல் நெருங்கினால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், நாடு முழுக்க சென்சார்களை வைத்து மின்னலைக் கவனிக்கிறது. அந்த அளவுகள் புனேவுக்குப் போய், கணக்குப் போடப்பட்டு, ‘தாமினி’ என்ற இலவச ஆப் வழியாக நம் போனுக்கு வருகின்றன. 20 கிலோமீட்டருக்குள், 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். தூரத்து சென்சார், இணையம், எச்சரிக்கை என்ற இந்த வழியைத்தான் என் மாடிப் பெட்டியும் பின்பற்றுகிறது. ஆலை கேட்டுக்கு வெளியே இருக்கும் அலுவலக போனில் தாமினியை வைத்திருக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

சாவி யாரிடம்?

திங்ஸ்பீக்கில் ஒரு பட்டன் இருக்கிறது. சேனலின் சொந்தக்காரர் அதை அழுத்தினால் அதுவரை சேர்ந்த அளவுகள் மொத்தமும் அழிந்துவிடும். வேறு சேவையிலும் ஏதோ ஒரு வடிவத்தில் அப்படி ஒரு பட்டன் இருக்கத்தான் செய்யும். ஆலை முதலாளியின் பெயரில் கணக்கு இருந்தால், சாட்சி அவர் வீட்டு விருந்தாளி மாதிரிதான். எதை அளக்கிறோம் என்பதைவிட, அளவு யார் வீட்டுக்குப் போகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

இதற்கு நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. அதிகம் மாசு செய்யும் 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் புகைபோக்கியிலும் கழிவுநீரிலும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைத்தாக வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘கேர் ஏர் சென்டர்’ சென்னையில் உட்கார்ந்துகொண்டே ஆலைகளின் அளவுகளை வாங்கிப் பார்க்கிறது. அளவைப் பார்க்க ஆலைக்குள் போய் நிற்க வேண்டியதில்லை. சிமென்ட் ஆலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் முடிந்தது, மனிதர்கள் கையால் மருந்து அள்ளும் இடத்துக்கு மட்டும் ஏன் முடியாது?

ஒரு நியாயமான பதில் இருக்கிறது. சிமென்ட் ஆலை ஒரே கூரை. பட்டாசு என்பது சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன அறைகள். ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ லைசென்ஸ்’ என்று ஊரில் உரிமத்தையே மூன்று தினுசாகச் சொல்வார்கள். பெரிய யூனிட் சமாளித்துக்கொள்ளும். சின்ன யூனிட்டுக்கு இது இன்னொரு செலவு, இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன். அதோடு, காற்றின் ஈரம் மட்டுமே வில்லன் இல்லை. அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ என்று உரிமத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி ஆட்களை உட்காரவைத்தால், மரத்தடியில் மருந்து செலுத்தச் சொன்னால், உரிமத்தையே குத்தகைக்கு விட்டால், அதையெல்லாம் டி.ஹெச்.டி 22 பிடிக்காது. இதைச் சொல்லாமல் சென்சார் புராணம் மட்டும் பாடினால் அது விளம்பரமாகிவிடும்.

சேனலைக் காட்டியபோது அத்தை கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிடித்திருந்தது. பிறகு கேட்டார். “சரி, மதியம் இது ரொம்பக் கீழ போயிருச்சுன்னு வையி. வேலையை யாரு நிப்பாட்டுவா?”

“போர்மேன் நிப்பாட்டணும் அத்தை.”

“நிப்பாட்டுனா அன்னிக்குக் கூலி?”

இங்கே பெரும்பாலும் குரோஸ் கணக்குதான். 144 எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு நிற்கும். தீபாவளி நெருங்க நெருங்க முதலாளிக்கும் அவசரம், பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய அத்தைக்கும் அவசரம். எச்சரிக்கை வந்த மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒரு வரி உத்தரவு இல்லாமல் அந்த எண்ணை யார் மதிப்பார்கள்? கேட்டுவிட்டு அத்தை வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். என்னிடம் பதில் இல்லை.

பெட்டி இன்னமும் மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் இரண்டு முறை கரன்ட் போய் கோடு அறுந்தது. ஒருமுறை அணில் வயரைக் கடித்துவிட்டது. இப்போதெல்லாம் காலை ஆறே முக்காலுக்கு அத்தையிடமிருந்து போன் வருகிறது.

“இன்னிக்கு எவ்வளவு காட்டுது?”

“76 அத்தை.”

“மதியத்துக்கு எவ்வளவு ஆகும்னு அது சொல்லாதா?”

“சொல்லாது. நேத்து 37-க்குப் போச்சு. இன்னிக்கும் அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப மருந்து வேலைய வெள்ளனவே முடிக்கச் சொல்லி போர்மேன்கிட்ட சொல்றேன்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேன் ஹாரன் கேட்டது. போனை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.